முதலில் அந்த ஜன்னலைத் திறங்கள், டீச்சர்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் அரசு உதவி பெறும் சிறிய தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். 130 பிள்ளைகள். வகுப்பறைகள் கீழே மூன்று, மாடியில் இரண்டு. கொரோனாவுக்காக மூடிய பள்ளியை வரும் 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்றாம் வகுப்பிலிருந்தே திறக்கிறோம். நிர்வாகத்தார் தெர்மல் ஸ்கேனர், கேன் கேனாகச் சானிடைசர் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். தினமும் மருந்து அடிக்க ஆளும் பேசிவிட்டார்கள். இது போதுமா? தெருப்பக்க ஜன்னல்களை ஹாரன் சத்தத்துக்காகவும் மழைச் சாரலுக்காகவும் எப்போதும் மூடித்தான் வைப்போம். இரண்டு ஆசிரியைகளுக்கு இன்னும் இரண்டாம் தவணைத் தடுப்பூசி ஆகவில்லை. பெற்றோரில் ஒரு பகுதியினர் 'பிள்ளைகளுக்கு ஊசி வராமல் அனுப்ப மாட்டோம்' என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் 'நாளைக்கே திறங்கள்' என்கிறார்கள். ஒரு அப்பா, 'என் பிள்ளைக்குக் கொரோனா வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா?' என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பதில்:

டீச்சர், வணக்கம்.

நிர்வாகம் வாங்கிக் கொடுத்த சாமான்களின் பட்டியலைப் பார்த்தேன். கைக்குச் செலவு செய்திருக்கிறார்கள், நெற்றிக்கும் தரைக்கும் செலவு செய்திருக்கிறார்கள். மூக்குக்கு ஒன்றும் செய்யவில்லை. இந்த நோய் வருவதோ பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஜன்னல் வரிதான்.

தொற்று உள்ள ஒருவர் பேசும்போதும் சிரிக்கும்போதும் உரக்கப் படிக்கும்போதும் வாயிலிருந்து துளிகள் வருகின்றன. பெரிய துளிகள் கொஞ்ச தூரத்திலேயே கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் விழாது. அடைத்த அறையில் வெகுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். அடுப்படியில் மிளகாய் வறுத்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இருமல் வருகிறதே, அப்படித்தான் இதுவும். பெஞ்சுக்குப் பெஞ்சு டேப் வைத்து அளந்து உட்காரவைத்தாலும், ஜன்னலைச் சாத்திவிட்டால் எல்லாரும் ஒரே காற்றைத்தான் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

இஸ்ரேலில் 2020 மே மாதம் பள்ளிகளைத் திறந்த சில நாட்களிலேயே வெயில் கொளுத்தியது. புழுக்கம் தாங்காது என்று மாஸ்க்குக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஏ.சி.யைப் போட்டு ஜன்னல்களைச் சாத்தினார்கள். வகுப்புகளிலோ நெருக்கமான கூட்டம். ஜெருசலேமில் ஒரே மேல்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஆசிரியர், ஊழியர்களுக்கும் தொற்று. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரல் 15 அன்று, டென்மார்க் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளைத்தான் முதலில் திறந்தது. அப்போது உலகத்தில் யாருக்கும் தடுப்பூசி கிடையாது. பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்தவரை பாடத்தை வெளியிலேயே நடத்தினார்கள். அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயிலும் மழையும். காற்று விஷயத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை.

ஆகவே திறப்பதற்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம், பிள்ளைகள் யாரும் இல்லாத நேரத்தில், ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரு ஊதுபத்தியை ஏற்றி எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் வழக்கம்போல ஜன்னலைச் சாத்தி வைத்துப் பாருங்கள், பிறகு திறந்து பாருங்கள். புகை எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த மூலையில் தேங்கி நிற்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். ஒரு பக்கம் கதவு, எதிர்ப்பக்கம் ஜன்னல் என்று இருக்கும் அறைதான் நல்ல அறை. அதை ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குக் கொடுங்கள். மாஸ்க்கை ஒழுங்காகப் போடத் தெரியாதவர்கள் அவர்கள்தான். வடசென்னையின் பழைய கட்டடங்களில் கூரையை ஒட்டிச் சின்ன வென்டிலேட்டர்கள் இருக்கும். குருவி வருகிறது, தூசி வருகிறது என்று யாராவது அட்டையை வைத்து அடைத்திருப்பார்கள். அந்த அட்டையைப் பிடுங்கி எறியுங்கள், வேண்டுமானால் வலை அடித்துக்கொள்ளலாம்.

சீலிங் ஃபேன் சுற்றுகிறதே, காற்று வருகிறதே என்று நினைக்கவேண்டாம். ஜன்னல் மூடிய அறையில் அது பழைய காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளியே பார்த்தபடி வையுங்கள். உள்காற்றை அது வெளியே தள்ள, கதவு வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. முன்னாள் மாணவர் யாராவது 'என்ன வாங்கித் தரட்டும்?' என்று கேட்டால், கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி ஒன்று கேளுங்கள். வெளிக்காற்றில் 400 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) ஒட்டிக் காட்டும். வகுப்பு நடக்கும்போது 800க்குள் இருந்தால் நிம்மதி. 1000ஐத் தாண்டினால், பிள்ளைகள் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார்கள் என்று அர்த்தம்.

சத்தத்துக்கும் சாரலுக்கும் என்ன செய்வது? உங்கள் ஜன்னல்கள் மேல் கதவு, கீழ்க் கதவு என்று இரண்டாகப் பிரிந்த பழைய மரஜன்னல்களாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மழை நாளில் கீழ்க் கதவைச் சாத்தி, மேல் கதவைத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் வெளியே சரிவாக ஒரு ஷேடு அடித்தால் போதும். சாரல் நிற்கும், காற்று நிற்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் திறக்கிறீர்கள். மழை வந்தால் மூடிக்கொள்ளலாம் என்று விட்டால் நவம்பர், டிசம்பர் முழுக்க மூடியேதான் இருக்கும். துணிக்கடைகள் நிறைந்த உங்கள் எம்.சி. ரோட்டு ஹாரனை நிறுத்த உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் அதற்கு மேல் கத்திப் பாடம் நடத்த வேண்டியதில்லை. உரக்கக் கத்தும்போது நுண்துளிகள் பல மடங்கு வெளியேறுகின்றன. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் செட் ஒவ்வொரு டீச்சருக்கும் இருந்தால், தொண்டையும் பிழைக்கும், வகுப்பும் பிழைக்கும். பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு ஒப்பிப்பது அறைக்குள் வேண்டாம், வராண்டாவுக்குக் கொண்டுபோங்கள்.

மருந்து அடிக்கும் ஆளை நிறுத்திவிடுங்கள். ஆள்மீது கிருமிநாசினி தெளிக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. அறைக்குள் புகை மாதிரி அடிப்பதையும் அது பரிந்துரைக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் நெடி வீசிங் உள்ள பிள்ளையை அன்றைக்கே படுக்க வைத்துவிடும். பொருள்களைத் தொடுவதால் தொற்று வருவது மிகக் குறைவு. அசுத்தமான ஒரு பரப்பைத் தொட்டால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்ன கணக்கு. ஆயாம்மா தினமும் சோப்புத் தண்ணீரால் பெஞ்சைத் துடைத்தாலே போதும்.

தெர்மல் ஸ்கேனர் இருக்கிறது, இருக்கட்டும். தொற்று உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்குக் காய்ச்சலே இருக்காது. வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றியோ சும்மாவே சுடும். அந்தக் கருவிக்காக வாசலில் வரிசை நிற்கவைத்து, பின்னாலேயே அம்மாக்களும் பாட்டிகளும் நெருக்கியடித்தால், பரவலுக்கு நாமே இடம் கொடுத்ததாக ஆகும். சானிடைசரைவிடச் சின்னக் கைகளுக்குச் சோப்பும் தண்ணீரும்தான் சரி. கேன்களை அலுவலக அறையில் பூட்டி வையுங்கள், சத்துணவுக் கூடத்துப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அது எரியும் சரக்கு. திங்கட்கிழமை திறக்கிறீர்கள், வியாழக்கிழமை தீபாவளி. சானிடைசர் தடவிய கையோடு மத்தாப்புக் கொளுத்தக் கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

தீ என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். காற்றோட்டம் வேண்டும் என்றேனே என்று மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுவிடாதீர்கள். கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அங்கே சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக் கீற்றில் ஏறியது. அதேபோல, எல்லாரும் ஒரே வாசலில் வரவேண்டும் என்பதற்காக இன்னொரு வாசலைப் பூட்டுவதும் வேண்டாம். கொரோனா காலத்தில் பல இடங்களில் இப்படிச் செய்கிறார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாடியில் இரண்டு வகுப்பு இருக்கிற பள்ளியில் எந்த வழியும் அடைபடக் கூடாது. ஒரு வாசலில் வரட்டும், இன்னொரு வாசலில் போகட்டும். கூட்டமும் குறையும்.

2020 மார்ச்சில் மூடிய கட்டடம் இது. சம்ப்பையும் மேலே இருக்கும் டேங்க்கையும் கழுவிக் குளோரின் போட்ட பிறகுதான் பிள்ளைகள் வாயில் அந்தத் தண்ணீர் படவேண்டும். கை கழுவ வைக்கும் டிரம், வாளி, மாடியில் கிடக்கும் உடைந்த பெஞ்சு, பழைய பூந்தொட்டி எல்லாவற்றையும் பாருங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். நவம்பரில் சென்னைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் கொரோனாவை நினைக்கும் அளவுக்கு டெங்குவையும் நினைப்பேன்.

அடுத்து, பள்ளியில் எனக்கு மிகவும் பயமான இடம். அது வகுப்பறை இல்லை, ஆசிரியர் அறை. அங்கேதான் பெரியவர்கள் மாஸ்க்கைக் கழற்றி, டிபன் பாக்ஸைத் திறந்து, ஒருவர் குழம்பை ஒருவர் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, இத்தனை மாதக் கதையையும் பேசுவார்கள். இங்கிலாந்தில் 2020 கோடையில் பள்ளிகள் திறந்தபோது ஆராய்ந்ததில், ஆசிரியரிடமிருந்து ஆசிரியருக்குப் பரவியதுதான் அதிகம் என்று தெரிந்தது. எனவே சாப்பாட்டை அவரவர் தனித்தனியாக, வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு டீச்சர்களுக்கும் கோவிஷீல்டு என்றால் இப்போதைய (2021) விதிப்படி முதல் ஊசியிலிருந்து 84 நாள், கோவாக்சின் என்றால் 28 நாள். நாள் ஆகிவிட்டதென்றால் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள். 2021 செப்டம்பர் 12 முதல் மெகா தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன, மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுகிறார்கள். இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் முழுப் பலன். அதுவரை அவர்களுக்கு மாடி வகுப்புகளில் காற்று அதிகம் வரும் ஒன்றைக் கொடுங்கள். சத்துணவு அம்மா, ஆயாம்மா, பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரர், எல்லாருடைய ஊசிச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பிள்ளைகளுக்கு ஊசி இல்லாத காலத்தில், அவர்களைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

130 பேரையும் ஒரே நாளில் வரவைக்க வேண்டாம். ஒவ்வொரு வகுப்பையும் இரண்டாகப் பிரித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச்சொல்லுங்கள். ஒரு அறைக்குப் பதின்மூன்று பேர்தான் வரும். ஆறு வயதுப் பிள்ளையை ஆறடி தள்ளி உட்காரவைத்துவிடலாம், இன்டர்வெல் மணி அடித்ததும் ஓடிப்போய்த் தோளில் கை போடத்தான் போகிறது. அதற்காகப் பிரம்பைத் தூக்காதீர்கள். இந்தப் பதின்மூன்று பேர் தங்களுக்குள் கலந்துகொள்ளட்டும், அடுத்த குழுவோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் யாருக்காவது தொற்று வந்தால் அந்தக் குழுவோடு நிற்கும், பள்ளியையே மூடவேண்டி வராது. சத்துணவு நேரத்தில் எல்லார் மாஸ்க்கும் கழறும். அதனால் கூடத்தில் ஒன்றாக உட்காரவைக்காமல், குழுக் குழுவாக வராண்டாவில் வைத்துப் பரிமாறுங்கள். சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சில வீடுகளில் முட்டை என்பதே பள்ளிக்கூடம் போனால்தான்.

மாஸ்க் விஷயத்தில் ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிலையும் அதுவே. ஆறிலிருந்து பதினொன்று வரை பெரியவர் பார்வையில் போட்டுக்கொள்ளலாம். பையில் மாற்று ஒன்று இருக்கட்டும், நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவது சிரமம். பொம்மை போட்ட மாஸ்க்கை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு எது இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும் என்று எல்லாப் பள்ளியும்தான் சொல்கிறது. நடப்பது என்ன? அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறவர், அப்பா காசிமேட்டில் லோடு ஏற்றுகிறவர். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், பதினொரு மணிக்கு உடம்பு கொதிக்கும். அவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, அப்பா அல்லாமல் வந்து அழைத்துப்போகக் கூடிய இன்னொருவரின் எண்ணையும் இப்போதே வாங்கி வையுங்கள். லீவு போட்ட பிள்ளையிடம் 'ஏன் வரவில்லை?' என்று கேட்காதீர்கள், 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதை இந்த வருடம் தலைமுழுகிவிடுங்கள். என்னைக் கேட்டால் எந்த வருடமும் வேண்டாம்.

பள்ளியில் இருக்கும்போதே ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால், சாமான் அறையில் தனியாக அடைக்காதீர்கள், பயந்துவிடும். வராண்டாவில் ஒரு நாற்காலி போட்டு, மாஸ்க் போட்ட ஒரு பெரியவர் கூட இருக்கட்டும். உங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் யார், அவர் எண் என்ன என்பதைத் திறப்பதற்கு முன்பே போய்ப் பார்த்து வாங்கி வந்துவிடுங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம். தொற்று உறுதியானால் யாருக்கு டெஸ்ட், எத்தனை நாள் தனிமை என்பதை அவர்கள் சொல்வார்கள். பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. இப்போதைய (2021) விதிப்படி, அறிகுறி தொடங்கிப் பத்து நாளாகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பிள்ளை வரலாம், நெகட்டிவ் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம். தொற்று வந்து போன இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி என்று வந்தால் காத்திருக்கவே கூடாது. அரிதாக வருவது, ஆனால் இதயத்தைத் தாக்கும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அன்றே போகவேண்டும்.

இனி பெற்றோர் விஷயம். ஊசி வரட்டும் என்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இன்றைய தேதியில், 2021இல், நம் நாட்டில் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் போடத் தொடங்கவில்லை. ஆகஸ்டில் அவசர அனுமதி பெற்ற ஜைகோவ்-டி ஊசி கூட 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். அதற்காகக் காத்திருந்தால் எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேர் ரத்தத்தில் கொரோனாவை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களுக்கு ஊசி போடவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்து போய்விட்டது, அதுவும் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில். இந்த வயதில் நோய் தீவிரமாவது அரிது. இதயக் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரகத்துக்கு ஸ்டீராய்டு என்று இருக்கும் பிள்ளைகள் மட்டும் அவர்களுடைய டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

தீபாவளித் துணிக்கு எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பயப்படுகிறார்களே என்று எனக்கும் தோன்றும். அதை அவர்களிடம் சொல்லிக் காட்டாதீர்கள். வீட்டில் தாத்தாவையோ பாட்டியையோ மே மாத இரண்டாம் அலையில் இழந்தவர்கள் அதில் இருப்பார்கள். வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. அனுப்பாதவர்கள் பிள்ளைக்கு வாரம் ஒரு முறை பாடத்தாளும் ஒரு போன் அழைப்பும் போகட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போய் வருவதைப் பார்த்தால் தானாக அனுப்புவார்கள். உங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பறை எப்படி இருக்கும் என்றே தெரியாது, டீச்சர். முதல் இரண்டு வாரம் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் கதையும் படமும் விளையாட்டுமாகப் போகட்டும்.

கையெழுத்துக் கேட்ட அப்பாவுக்கு: போட்டுக் கொடுக்காதீர்கள். 'வராது' என்று எழுத எந்த மருத்துவராலும் முடியாது. அதற்குப் பதில் நீங்கள் செய்யப்போவதை ஒரே பக்கத்தில் எழுதி, முத்திரை வைத்து எல்லாருக்கும் கொடுங்கள். ஜன்னல்கள் மழையிலும் திறந்திருக்கும். ஒரு அறைக்குப் பதின்மூன்று பேர். ஊசி போட்ட பெரியவர்கள் எத்தனை பேர், பாக்கி எத்தனை பேர். காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் வரும். தொற்று வந்தால் மறைக்க மாட்டோம். சந்தேகம் உள்ள பெற்றோர் எந்த நேரத்திலும் வாசலிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இருந்தால், நிர்வாகத்தார் யாராவது வந்து ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் நீங்கள் காட்ட ஒரு தாள் இருக்கும்.

பெற்றோர் கூட்டத்தை மாடி வகுப்பறையில் வைக்காதீர்கள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், மொட்டை மாடியில் வையுங்கள். கைப்பிடிச் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.